மனைவியையே மறுத்த பதில் மனு

இருபத்தாறு வருடக் குற்றவியல் வாழ்க்கையில் வக்கீலுக்கு ஒரே ஒரு எதிரிதான். அரசு வக்கீல் அல்ல. கூடப் பிறந்த தங்கச்சி.

ஒரே மாடி, எதிரெதிர் அறை. அவர் திருடர்களைக் காப்பாற்றினார். அவள் குடும்ப வழக்கு பார்த்தாள். அவள் வாசலில் போட்ட ஆறு நாற்காலியும் நிரம்பி, ஏழாவது ஆள் கொஞ்சமும் கூசாமல் அண்ணனின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அழுதுகொண்டு வந்தவர்கள் அவள் கையைப் பிடித்து விடைபெறுவார்கள். பிறகு பிள்ளைகளின் படம் அனுப்புவார்கள். இவர் விடுதலை வாங்கித் தந்தவர்களோ, தெருவில் இவரைக் கண்டால் சட்டென்று ஏதாவது கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். வணக்கம் வைத்தால், "இவரை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கூட வருபவர் கேட்டுத் தொலைப்பாரே!

இதைப் பொறாமை என்று சொல்லக்கூடாது. தங்கச்சியின் வாசலை அவர் மணிக்கொருதரம் எட்டிப் பார்த்தது பொது அறிவுக்காக.

அப்போதுதான் 'பூனை' என்று பட்டப்பெயர் வாங்கிய திருடன் வந்தான். பூட்டிய வீடுகளில் சத்தமில்லாமல் நடப்பவன். எட்டு வழக்கு, எட்டு விடுதலை.

"ஐயா, பொண்டாட்டி விவாகரத்து கேட்டுட்டா. அவளுக்கு வக்கீல் உங்க தங்கச்சியம்மாதான்."

வக்கீலுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"கவலையை விடு. கிழிச்சிடலாம்."

"கிழிக்கெல்லாம் வேணாம்யா. அவ வீட்டுக்கு வந்தாப் போதும்."

"வருவா. நீ மட்டும் வாயைத் திறக்காதே."

அன்றே பதில் மனு எழுத உட்கார்ந்தார். பழகிய கை; எதிர்த்தரப்பு எதைச் சொன்னாலும் ஒன்று விடாமல் மறுத்துத்தான் அதற்குப் பழக்கம். பூனை ராத்திரிகளில் வீட்டுக்கு வராததை மறுத்தார். பொய் சொன்னதை மறுத்தார். அதே வேகத்தில் திருமணம் நடந்ததையும் மறுத்து, நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புடையது என்று அடிக்கோடும் போட்டார். கடைசி வரியில், மனைவியைச் சேர்த்து வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

விசாரணையன்று நீதிபதியம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டார்.

"கல்யாணமே நடக்கலைன்னா, எந்தப் பொண்டாட்டியோட சேத்து வைக்கச் சொல்றீங்க?"

தங்கச்சி குனிந்து கோப்பைப் புரட்டினாள். தோள் மட்டும் குலுங்கியது.

பூனையின் மனைவி எழுந்தாள். "பதினாலு வருஷம் சோறு போட்டவளைத் தெரியாதாய்யா உனக்கு?"

வக்கீல் கண்ணைக் காட்டினார். பூனை பார்க்கவே இல்லை.

"தெரியும்டி! வராத ராத்திரியும் நிஜம், சொன்ன பொய்யும் நிஜம். அம்மா, எல்லாத்தையும் ஒத்துக்கறேன். இதை எழுதினது அவரு!"

எட்டு வழக்கில் போலீஸால் வாங்க முடியாத வாக்குமூலம்! வக்கீல் மனுவால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "இந்த ஒரு வார்த்தையைத்தானே இத்தனை நாளாக் கேட்டேன்." நீதிபதி இருவருக்கும் பேசிப் பார்க்க ஒரு மாதம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தங்கச்சியைக் கும்பிட்டார்கள். எட்டு விடுதலைக்கு ஒரு கும்பிடு பார்த்திராத வக்கீல், தூணோரம் நின்று அதைப் பார்த்தார்.

"அண்ணா, நான் பத்து தடவை பேசியும் நடக்காததை உன் மனு நடத்திடுச்சு" என்றாள் தங்கச்சி. பாராட்டுத்தான். அவருக்கு மட்டும் அது குத்தலாகக் கேட்டது.

பூனை அருகில் வந்தான். "ஐயா, நீங்க இனி அலைய வேணாம். தங்கச்சியம்மாவே வழக்கை வாபஸ் வாங்கிடுவாங்களாம். நானும் அந்தத் தொழிலை விட்டுட்டேன். இவகிட்ட சத்தியம் பண்ணியாச்சு."

"ரொம்ப சந்தோஷம்பா" என்றார் வக்கீல். சீக்கிரமே அவன் கையும் களவுமாகப் பிடிபட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு படியிறங்கினார்.