தலைக்குப் போகாத எண்ணெய்

இரணியல் பக்கத்து எண்ணெய் ஆலை முதலாளியைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. கையில் பட்ட தேங்காயெண்ணெயை ஒரு துளிகூட விடாமல் தலையில் தடவிக்கொள்வார். வழுக்கை எப்போதும் மினுங்கும்.

எண்ணெயில் மூழ்கி வேலை செய்யும் ரேடார் சென்சாரைச் சோதிக்க அவருடைய தொட்டியில் இறக்கினேன். எண்ணெயை எளிதில் கடக்கும் அலை, தொட்டியின் தரையை எட்டாமல், தண்ணீரில் பட்டதுபோல் நடுவிலேயே முட்டித் திரும்பியது.

“அடியில தண்ணி கெடக்கு அண்ணாச்சி,” என்றேன். எண்ணெய் வாங்க வந்திருந்த வியாபாரி நிமிர்ந்தார்.

“நீ ஒனக்க மெசின நோக்க வந்தவன். எனக்க எண்ணய நோக்க ஒன்ன ஆருடே விளிச்சது?” என்றார் முதலாளி.

சென்சாரை உருவி என்மேல் எறிந்தார். எண்ணெய் வழிந்த கையைத் தலைக்குக் கொண்டுபோகவில்லை, என் சட்டையில் துடைத்தார்.

என்மேல் இருந்த வெறுப்பா, அந்த எண்ணெய் தன் தலைக்கு ஆகாதென்று தெரிந்ததாலா, இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.