முன்வரிசைக் கதிரை

குண்டசாலையில் ஒரு கல்லூரி விடுதிக்கு, பாலியல் தொந்தரவு விதிகளைப் புது மாணவிகளுக்குத் தமிழில் வாசித்துக்காட்டப் போயிருந்தேன். விடுதி மேட்ரன் மெலிந்த பெண்மணி. சாவிக்கொத்து சத்தம் போடாதபடி கைக்குள் இறுக்கிப் பிடித்தே நடப்பார். முன்வரிசையில் காலியாக இருந்த கதிரையில் ஒரு மாணவி உட்காரப் போனாள்.

"அதுல ஆள் இருக்கு" என்றார் மேட்ரன்.

"யாருங்கம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"போன வருஷம் செத்துப்போன புசல்லாவ ஊர்ப் புள்ள. இந்த விதிகள செவுத்துல இங்கிலீஷ்ல ஒட்டியிருந்தத நின்னு நின்னு பார்ப்பா. யார்கிட்ட முறைப்பாடு சொல்றதுன்னு அதுலதான் இருந்துச்சு. யாரும் வாசிச்சுச் சொல்லல."

நான் வாசித்து முடித்ததும் அவர் கதிரைப் பக்கம் குனிந்தார்.

"வெளங்குச்சா புள்ள?"

பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"முறைப்பாடு சொல்ற எடத்த மட்டும் இன்னொருக்கா வாசிங்க மிஸ்."

வாசித்தேன், அந்தக் கதிரையைப் பார்த்து.