தொட்டியில் ஒரு முதலை

கல்யாணமாகி ஆறு மாதம்கூட முடியவில்லை. சிநேகிதர்களோடு எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஒகேனக்கல் போன என் கணவர், மறுநாள் மத்தியானம் பாரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, நனைந்த துணிப்பை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். மீன் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மியைக் கழுவி மிளகாயை எடுத்து வைத்தேன். அவர் பையை அண்டாவில் கவிழ்த்தார். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு முதலைக்குட்டி தண்ணீரில் விழுந்தது. பரிசல்காரர் ஒருவரின் வலையில் மாட்டியதாம், சும்மா கொடுத்தாராம். சும்மா கொடுத்தால் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வதா என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் பேச்சு எதுவும் எடுபடாது.

அறுபதுகளின் கடைசி அது. முதலையை வீட்டில் வைக்கக்கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்படி ஒரு சட்டம் இருந்ததோ இல்லையோ, எங்கள் பக்கத்தில் எவருக்கும் தெரியாது. அவருக்கு சர்க்கார் வேலை. பாரூர் ஏரியிலிருந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் மதகுகளைத் திறந்து மூடுவது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்பக்கம் தாழ்வாரம், அதற்கப்பால் தரையோடு பதித்த சிமெண்டுத் தொட்டி. இவ்வளவுதான் எங்கள் குவார்ட்டர்ஸ். துணி துவைக்க வைத்திருந்த தொட்டி முதலைக்குப் போய்விட்டது. நான் துணியைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்குப் போக ஆரம்பித்தேன்.

அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அந்தப் பெயரை நான் அப்போதும் கூப்பிட்டதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. மதகு வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பின்பக்கம் போவார். அலுமினியத் தட்டைக் கவிழ்த்துத் தொட்டி விளிம்பில் டக் டக்கென்று தட்டுவார். அது தண்ணீருக்குள்ளிருந்து கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்து, மெதுவாக வந்து வாயைத் திறக்கும். மீனைப் போடுவார். நாங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து கத்தோலிக்கக் குடும்பம். வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி கிடையாது, மீன்தான். அந்த மீனிலும் முதல் பங்கு தொட்டிக்குப் போய், வாலும் தலையும்தான் சட்டிக்கு வரும்.

மூன்று வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரார் கேட்கிற கேள்விக்கெல்லாம் நான் உள்ளே போய் அழுதேன், அவர் பின்பக்கம் போய்த் தட்டைத் தட்டினார். தான் கூப்பிட்டால் வருகிற ஒரு உயிர் அவருக்கு வேண்டியிருந்தது. அது புரிந்ததால்தான் அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்கள்கூடப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருவார்கள். அவருடைய மேலதிகாரி ஒருமுறை ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்துப் போனார். சந்தோஷத்தில் என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், பெண் குழந்தையோடு திரும்பி வந்தபோது தொட்டியில் கிடந்ததைப் பார்த்துக் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் இல்லாத மாதங்களில் அதற்கு நல்ல சாப்பாடு. என் கை நீளத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. அது வெயில் காய்வதற்கென்று தொட்டிக்குள் ஒரு கல்லைச் சாய்த்துப் போட்டு, சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டி வைத்திருந்தார். அதுதான் தட்டி இருக்கிறதே என்றார். குழந்தை தவழ ஆரம்பித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். தவழும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நடந்தது குழந்தை தவழ்வதற்கு முன்பே. தாழ்வாரத்தில் சுவரோரம் தலையணையை அணைகொடுத்து உட்காரவைத்திருந்தேன். கையில் ஒரு டம்ளர். அந்த வயசுப் பிள்ளைகள் எல்லாம் செய்வதைத்தான் அவளும் செய்துகொண்டிருந்தாள். டம்ளரைத் தரையில் டக் டக்கென்று அடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தானே சிரிப்பாள். நான் உள்ளே ஈர விறகோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. கோழி எதுவோ தட்டியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

அது முற்றத்தைக் கடந்து வந்துவிட்டது. தாழ்வாரத்து விளிம்பில் முன்கால்களை ஊன்றி, குழந்தையின் காலுக்கு எதிரே வாயைத் திறந்துகொண்டு நின்றது. பாயவில்லை, சீறவில்லை. காத்திருந்தது. தட்டுகிற சத்தம் கேட்டால் வந்து வாயைத் திறக்க வேண்டும், அப்புறம் அதில் எதுவோ விழும் என்று கிட்டத்தட்ட நாலு வருஷமாக அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தோமே, அதன்படி ஒழுங்காக நின்றது. குழந்தை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக டம்ளரை அடித்தாள். எப்படி ஓடினேன், எப்படித் தூக்கினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

சாயங்காலம் அவர் வந்து அதைச் சாக்கால் மூடித் தூக்கித் தொட்டியில் விட்டார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு பெருமை. அந்தப் பெருமையை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

"பாத்தியா, பாப்பாவத் தேடி வந்துருக்குது" என்றார்.

"அது பாப்பாவத் தேடி வரல. தீனியத் தேடி வந்துச்சு" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போனது. அதற்குத் தன்னைத் தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதற்குத் தெரிந்ததெல்லாம் தட்டுச் சத்தம்தான் என்று அன்றுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாத்திரம் சத்தம் போடக்கூடாது. தட்டைத் துணிமேல் வைப்பேன். கரண்டி சட்டியில் படாமல் கிண்டுவேன். தையல் இலையில் சாப்பிட்டோம். ஆனால் குழந்தையிடம் தட்டாதே என்று எப்படிச் சொல்வது? டம்ளரைப் பிடுங்கினால் கிலுகிலுப்பையால் அடித்தாள், அதையும் பிடுங்கினால் உள்ளங்கையால் கதவில் அடித்தாள். அவள் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் நான் ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்ப்பேன். தட்டியை முள்கம்பி சுற்றிப் பலப்படுத்தினார். ஒருமுறை முறித்ததற்கு இன்னொருமுறை முறிக்கத் தெரியாதா?

யாரிடம்தான் கேட்கவில்லை? காட்டிலாகா ஆள் ஒருவர் அந்தப் பக்கம் வந்தபோது மறித்துக் கேட்டேன். காட்டுக்குள் இருந்தால்தான் தன் பொறுப்பு, வீட்டுக்குள் இருப்பதற்குத் தான் என்ன செய்ய முடியும் என்றார். மாட்டு டாக்டர், தான் ஆடு மாடோடு சரி என்று கையை விரித்துவிட்டார். பெங்களூரில் மிருகங்கள் வைத்திருக்கும் ஓர் இடத்தில் போய்க் கேட்டதாக என் கணவரே சொன்னார். இருக்கிற முதலைக்கே இடமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். நிஜமாகவே கேட்டாரா, ஓசூர்வரை போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பினாரா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பக்கத்து வயல்காரர் தெலுங்கும் தமிழுமாகப் பேசுகிறவர், நல்ல மனிதர். கடப்பாரையோடு வந்து, ஒரே அடி, கணக்கு முடிந்தது என்றார். என் கணவர் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அடியுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விலகியிருப்பார் என்றே நினைக்கிறேன். கடப்பாரையைப் பார்த்தேன், தண்ணீருக்கு மேலே இருந்த அந்த இரண்டு கண்ணைப் பார்த்தேன். எனக்கு வாய் வரவில்லை. வயல்காரர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் என் கணவரே இறங்கி வந்தார், ஏரியில் விட்டுவிடலாம் என்றார். எனக்கு மார்பில் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது. மறுநாள் காலை குடத்தோடு ஏரிப் படித்துறைக்குப் போனேன். ஊர்ப் பெண்கள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டும் டம்ளரும் கல்லில் மோதி ஒரே சத்தம். பக்கத்திலேயே அவர்கள் பிள்ளைகள் முங்கி விளையாடின. குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்தேன்.

ஏரியில் விடக்கூடாது என்றேன். ஒகேனக்கல்லிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அங்கே மட்டும் யாரும் பாத்திரம் கழுவுவதில்லையா என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"வெச்சிக்கவும் கூடாது, உடவும் கூடாதுன்னா என்னாதான் பண்ணச் சொல்ற?"

மனுஷர்கள் இறங்காத தண்ணீர் எங்கள் சீமையில் எங்கே இருக்கிறது? இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குழந்தை நடுவில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர்தான் ஒரு இடம் கண்டுபிடித்தார். ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி, கல் உடைத்துக் கைவிட்ட ஒரு குழி. நாலு பக்கமும் செங்குத்தான பாறை, அடியில் பச்சைப்பசேலென்று மழைத்தண்ணீர். ஆடு மேய்ப்பவர்கள்கூட அண்டுவதில்லை. வாயை சைக்கிள் டியூபால் கட்டி, சாக்கில் சுற்றி, கேரியரில் வைத்துக் கொண்டுபோனார். எப்படித்தான் அந்தப் பாறையில் இறங்கினாரோ, முழங்கை எல்லாம் சிராய்ப்போடு வந்தார். அவிழ்த்துவிட்டதும் தண்ணீருக்குள் போய்விட்டதாம். "ஒரு தடவ திரும்பிப் பாக்கும்னு நெனச்சேன்" என்றார். நான் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன், நானும் அழலாம் என்று.

அந்தக் குழியில் மீன் கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் மீன்பையை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு அவர் கிளம்புவார். நான் எங்கே என்று கேட்கமாட்டேன். மார்கழி, தை எல்லாம் ஓடியது. குழந்தை தவழ்ந்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு பின்பக்கத்து முற்றம் முழுக்கத் தத்தித்தத்தி நடந்தாள். தொட்டியில் மறுபடி துணி துவைத்தேன்.

அந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்து, "குழித் தண்ணி முழங்காலுக்குத்தான் இருக்குது" என்றார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இன்னும் பதினஞ்சு நாள் தாங்காது" என்றார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கொண்டு வந்துவிடுங்கள் என்று நான் சொல்ல வேண்டும். அவர் கேட்டது அதுதான். முற்றத்தில் குழந்தை ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டேன். அதற்காக மனசு வலிக்காமல் இல்லை.

அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரம் போனவர் சீக்கிரமே திரும்பி வந்தார். பையை என்னிடம் நீட்டினார். காலையில் கொண்டுபோன கெண்டை மீன்கள் அப்படியே இருந்தன.

"கொழம்பு வெச்சிரு" என்றார்.

மீனை உரசிக் கழுவி, புளி கரைத்து, குழம்பு வைத்தேன். அவர் குழந்தையை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். மீனைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து, சோற்றோடு பிசைந்து ஊட்டினார். நாலைந்து வாய் ஆனதும் குழந்தை இன்னும் வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்து வாயை அகலத் திறந்தாள். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. தட்டை என் பக்கம் நகர்த்தினார், குழந்தையை என் மடியில் போட்டார், கைகூடக் கழுவாமல் வெளியே போய்விட்டார்.