கத்திரி வெயிலில் ஒரு வாய்த் தண்ணீர்

மே மாதம் வந்தால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஊட்டி, கொடைக்கானல் என்று ஒரே பேச்சாக இருக்கும். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "சார், நீங்க லீவுக்கு எங்க?" என்று கேட்பார்கள். "கிள்ளைக்குப் பக்கத்துல, எங்க அக்கா வீட்டுக்கு" என்பேன். கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். கத்திரி வெயிலில், கடலோரத்து மணல் பூமியில், ஏசி இல்லாத வீட்டில் போய்ப் பத்து நாள் கிடக்கிறவனை வேறு எப்படிப் பார்ப்பது? பார்க்கட்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேரட் தின்பதற்காக வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு மலையேறுகிறவர்களை நான் என்றைக்காவது ஏதாவது சொல்லியிருக்கிறேனா?

வெயில் காலத்தை வெயில் அடிக்கிற இடத்தில்தான் அனுபவிக்க வேண்டும் என்பது என் கட்சி. காலை எட்டு மணிக்கே மணல் சுட ஆரம்பித்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பமர நிழலுக்குள் காலை வைத்துப் பாருங்கள், அடடா! மத்தியானம் நுங்கு. கடையில் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தருவார்களே, அது அல்ல. மரத்திலிருந்து இறக்கி அங்கேயே சீவி, கட்டை விரலை உள்ளே விட்டு நோண்டி, சட்டையெல்லாம் நீர் வழியத் தின்பது. அதை ஸ்பூனால் சாப்பிடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தால் மூன்று மணி வரைக்கும் ஒரு இலை அசையாது. உடம்பெல்லாம் வேர்வை ஊறும். மூன்றுக்கு மேல் சவுக்குத் தோப்பு 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் போடும். கடல் காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். வேர்த்த முதுகில் அந்தக் காற்று படுகிற சுகத்துக்கு நான் இன்னும் ஒரு வாரம் வேர்க்கத் தயார்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது மாமாவின் போர்வெல் தண்ணீர். மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். மூன்று காணி நிலம். மழைக் காலத்தில் நெல், தை மாதத்துக்குப் பிறகு மல்லாட்டை. நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள், எங்களுக்கு மல்லாட்டைதான். நிலத்தின் ஓரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை, அதை ஒட்டி இடுப்பளவு சிமெண்ட் தொட்டி. காலை ஒன்பது மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். மாமா சுவிட்சைத் தட்டினால் குழாய் ஒரு முறை இருமும், அப்புறம் தொடை பருமனுக்குத் தண்ணீர் பாயும். அதற்கடியில் தலையைக் கொடுத்தால் ஊரில் இருக்கிற எந்தக் கவலையும் காதில் விழாது. கண் சிவந்து, விரல் நுனி சுருங்கி, "போதும் வாடா, ஜுரம் வரப்போவுது" என்று அக்கா கத்துகிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

குளிப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. நான் போய் இறங்கிய மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடித் தெளிந்ததும், மாமா ஒரு சொம்பில் பிடித்து என்னிடம் நீட்டுவார். நான் குடித்துப் பார்த்து உப்பா, நல்ல தண்ணீரா என்று சொல்ல வேண்டும். கடலோரத்துக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். கோடை முற்ற முற்றக் கடல் தண்ணீர் நிலத்தடியில் உள்ளே நுழையும். தினமும் குடிக்கிறவன் நாக்குக்கு அது தெரியாது, வெளியூர் நாக்குதான் சரியாகச் சொல்லும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் அந்த வெளியூர் நாக்கு என்னுடையது.

அந்த ஒரு வாய்த் தண்ணீரில்தான் அக்காவின் உயிரே இருந்தது. மாமா நிலத்துக்குத் தெற்கே எல்லாரும் இறால் பண்ணைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நெல் விளைந்த இடமெல்லாம் குட்டை வெட்டிக் கிடக்கிறது. மாமாவிடமும் வருஷா வருஷம் ஆள் வந்து கேட்கிறார்கள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஒரு சண்டையில் மாமா கோபமாகச் சொல்லிவிட்டார்: "கத்திரியில தண்ணி உப்பாயிடுச்சின்னா நானும் இறாலுக்கு வுட்டுட்டுப் போயிட்டே இருப்பேன், பாத்துக்க." மாமா சொன்னால் சொன்னதுதான் என்று அக்கா நம்பினாள். அக்கா கல்யாணமாகி வந்து முதன்முதலில் களை எடுத்தது அந்த நிலத்தில். அதில் அவளுக்குத் தெரியாத மண்கட்டி கிடையாது. ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள், "அதுல குட்டை வெட்டுறத மட்டும் நான் பாக்க மாட்டேன்டா. அன்னிக்கி நான் எங்கியாவது போயிடுவேன்."

நல்லவேளையாக ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் தித்திப்பாகத்தான் இருந்தது. "சர்க்கரை மாமா, சர்க்கரை!" என்று நான் சொம்பைக் கவிழ்த்துக் காட்டுவேன். மாமா தலையை ஆட்டிக்கொள்வார். அக்கா கூழ்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வரப்பில் விடுவிடுவென்று நடந்து வீட்டுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு மத்தியானம் நிச்சயம் வஞ்சிர மீன் குழம்பு.

போன மே மாதம் போனபோது எனக்குச் சூட்டு வாய்ப்புண். உதட்டுக்கு உள்ளே இரண்டு, நாக்கு நுனியில் ஒன்று. வாத்தியாருக்கு நாக்கில் புண் வந்தால் அவஸ்தை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் மணத்தக்காளிக் கீரையில் ஆரம்பித்து விளக்கெண்ணெயில் கொண்டுபோய் நிறுத்துவாள்.

மறுநாள் காலை வழக்கம்போல அக்கா மோட்டார் கொட்டகைக்குக் கூழ் கொண்டுவந்தாள். முதல் நாள் காய்ச்சிய கேவுரு, அதாவது கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்தது. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சுட்ட கருவாடு, அப்புறம் அவளுடைய பீங்கான் ஜாடி. அதில் தை மாதம் உப்பில் ஊறப்போட்ட நெல்லிக்காய் இருக்கும். அக்காவின் கூழுக்கு நெல்லிக்காய் கட்டாயம். ஒன்றல்ல, இரண்டு. "தின்னுடா, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று கையில் திணிப்பாள். தின்று முடிக்கிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து நாளும் இதே கதைதான். அன்றைக்கு அந்த உப்பை நினைத்தாலே எனக்கு நாக்கு எரிந்தது. அவள் கூழ் ஊற்றத் திரும்பியபோது இரண்டையும் லுங்கி மடிப்புக்குள் சொருகிக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் அக்காவுக்குப் பயந்து நெல்லிக்காய் ஒளித்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கரண்ட் வந்தது. மாமா சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் தெளிந்தது. சொம்பில் பிடித்து நீட்டினார்.

"என்னா மச்சான், பாத்து சொல்லு."

ஒரு வாய் குடித்தேன். புண்ணில் பட்டுச் சுரீர் என்றது. நாக்கை ஒதுக்கிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தேன். சந்தேகமே இல்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடை தெரிந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. "மாமா, உப்பு! கரிக்குது மாமா!" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த கரண்டி கூழ்ச் சட்டிக்குள் விழுந்தது. என் கிட்டே வந்து, மாமாவுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, ஆனால் நன்றாகக் கேட்கிற குரலில், "டேய், நெல்லிக்காய் தின்னியா, இல்லியா?" என்றாள்.

லுங்கி மடிப்பிலிருந்து இரண்டையும் எடுத்துக் காட்டினேன். "வாயில புண்ணு, அக்கா..."

"பாவி!" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நெல்லிக்காய் தின்றுவிட்டுக் குடித்தால் எந்தத் தண்ணீரும் தித்திக்கும் என்று பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கணக்கு வாத்தியாருக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை. சோப்பு நுரைக்கவில்லை என்று வருஷா வருஷம் தொட்டியில் உட்கார்ந்து சோப்புக் கம்பெனிக்காரனைத் திட்டியிருக்கிறேனே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொல்லி என் கையாலேயே அக்காவின் நிலத்தில் குட்டை வெட்டிவிட்டேனே!

"இல்ல மாமா, புண்ணுல எரியறதால எனக்கு அப்படித் தெரியுது போல..." என்று உளற ஆரம்பித்தேன்.

மாமா என் கையிலிருந்து சொம்பை வாங்கினார். நிதானமாக மிச்சத் தண்ணீரைக் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"உப்புதான்" என்றார். "எல்லா வருஷமும் கத்திரியில உப்புதான். இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆடியில வாய்க்கால்ல தண்ணி வந்தா சரியாயிடும். நான் என்னா நெல்லிக்காய் தின்னுட்டா குடிக்கிறேன்?"

அக்கா முந்தானையை வாயில் வைத்தபடி அவரையே பார்த்தாள். "அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"ஜாடிய கண்ணு முன்னாடி வெச்சிகினு தம்பி வாயில திணிக்கிற. நான் என்ன குருடனா?"

"தெரிஞ்சிகினே எதுக்கு மாமா வருஷா வருஷம் என்னைக் கேட்டீங்க?" என்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

மாமா குழாய்த் தண்ணீரில் காலை நீட்டிக்கொண்டு, சொம்பைக் கழுவுகிற மாதிரி கழுவிக்கொண்டே இருந்தார். "நீ சர்க்கரைன்னு சொன்னதும் இவ வீட்டுக்குப் போவா பாரு, வரப்புல, புதுப் பொண்ணு மாதிரி. அத ஒரு தடவ பாக்கத்தான் கேக்கறேன்" என்றார்.

அக்கா "நல்லா இருக்கு நாயம்! இத்தினி வருஷம் என் வயித்துல நெருப்பக் கட்டிட்டு!" என்று முதலில் திட்டினாள். "அன்னிக்கே வுட மாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?" என்று இன்னும் கொஞ்சம் திட்டினாள். மாமா சொம்பைக் கழுவிக்கொண்டே அத்தனையையும் வாங்கிக்கொண்டார். இந்த மனுஷனைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். இவ்வளவு ஆசை உள்ளவர் என்று மட்டும் நினைத்ததில்லை.

பிறகு மாமா ஜாடியைத் தன் பக்கம் இழுத்தார். தனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று எடுத்தார். என் கையிலிருந்த இரண்டைக் கண்ணால் காட்டி, "அத வாயில போடு மச்சான்" என்றார். புண்ணாவது மண்ணாவது என்று போட்டுக்கொண்டேன். கண்ணில் நீர் வர வர மென்றேன். மூன்று பேரும் கொட்டையைத் துப்பிவிட்டுக் குழாயடியில் கையேந்தி ஒவ்வொரு வாய் குடித்தோம்.

"எப்படி?" என்றார் மாமா, அக்காவைப் பார்த்து.

"சர்க்கரை" என்றாள் அக்கா. சட்டியை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு வரப்பில் ஏறி நடந்தாள். மாமா மோட்டாரை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி நிரம்பி வழிந்து என் காலை நனைத்தது.