கஞ்சாவுக்காக வாதாடினேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த வாயால் ஒரு மனிதரை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. மலேசியாவில் பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், அப்பா அங்கே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. அம்மா பிறவிக் கத்தோலிக்கர். அப்பா அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, மாறவில்லை. அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டி கோயிலுக்கு அவர்தான் பூசாரி. அண்ணன் தம்பிக்குள் இதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை. கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டிலிருந்து முதல் பலகாரத் தட்டு பெரியப்பா வீட்டுக்குப் போகும். முனியாண்டி பூசைக்கு மறுநாள், சாமிக்குப் படைக்காமல் தனியாகச் சமைத்த கோழிக்குழம்பு எங்களுக்கு வரும். படைத்ததைச் சாப்பிட அம்மா விடமாட்டார் என்று பெரியப்பாவுக்குத் தெரியும். அவராகவே பார்த்துச் செய்த ஏற்பாடு அது.

அம்மா எனக்குப் போட்டிருந்த ஒரே கட்டளை, அந்தக் கோயில் பக்கம் போகக்கூடாது என்பது. சொன்னால் கேட்கிற பெண்ணா நான்? அமாவாசைப் பூசையன்று பால் மரங்களுக்கு நடுவில் நின்று தூரத்திலிருந்தே பார்ப்பேன். பெரியப்பா குனிந்து உட்கார்ந்திருப்பார், அவர் முகத்தைச் சுற்றிப் புகை மண்டும். சாமிக்குச் சுருட்டு, சாராயம், அதோடு கஞ்சாவும் உண்டு என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரியப்பா கோயிலுக்குப் பின்னால் இரண்டு செடி வைத்திருந்ததும் தெரியும். யாரும் அதைப் பெரிய விஷயமாக நினைத்ததில்லை. முனியாண்டிக்கு உள்ளது முனியாண்டிக்கு, அவ்வளவுதான்.

அந்த வருடங்களில் வானொலியைத் திறந்தால் டாடா, டாடா, டாடாதான். போதைப் பொருளை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். கஞ்சா விற்றால் தூக்கு என்று பேசிக்கொண்டார்கள். பாலிங் பக்கம் சயாம் எல்லை தாண்டி வருகிறது, பஸ்ஸில் ஏறிச் சோதிக்கிறார்கள் என்று தினம் ஒரு கதை. அந்த நேரத்தில்தான் எங்கள் மாதா கோயில் இளைஞர் குழுவில் ஃபாதர் ஒரு பட்டிமன்றம் வைத்தார். வெளிநாடுகளில் கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்று ஊர்வலம் போகிறார்களாம், அதை எங்கோ படித்திருக்கிறார். ‘கஞ்சாவை அனுமதிக்கலாமா, கூடாதா?’ இதுதான் தலைப்பு. கூடாது என்ற கட்சி ஜெயித்து எல்லோரும் நல்ல புத்தியோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அவர் திட்டம். சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ‘அனுமதிக்கலாம்’ வந்து விழுந்தது.

ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சும்மா ஒப்புக்குப் பேசினால் போதும், ரொம்ப மெனக்கெட வேண்டாம் என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை ஒப்புக்குத்தான் பேசியிருப்பேன். தோற்பதற்கென்றே மேடை ஏறு என்று என்னைப் பார்த்துச் சொல்வதா? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஹாலில் கூட்டம். எதிர்க்கட்சிக்காரர்கள் வானொலியில் கேட்டதையே ஒப்பித்தார்கள். நான் எழுந்தேன். நான் ஏட்டுச் சுரைக்காய் பேச வரவில்லை என்று ஆரம்பித்தேன். என் சொந்தப் பெரியப்பா, எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி, ஒவ்வொரு அமாவாசைக்கும் கஞ்சா புகைக்கிறவர் என்றேன். கோயிலுக்குப் பின்னால் அவரே வளர்க்கிறார் என்றேன். மறுநாள் விடிகாலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் முதல் ஆளாக நிற்பவர் அவர்தான், ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டதில்லை, பெரியம்மாவைக் கைநீட்டி அடித்ததில்லை, ஆனால் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்களே, அங்கிருந்து வருகிறவன் பெண்டாட்டியை என்ன செய்கிறான் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். பெண்கள் பக்கம் கைதட்டல் நிற்கவில்லை. நடுவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. ஃபாதர் முகம் சுண்டிப்போனது. எனக்கு ஒரு சூட்கேஸ் பரிசு. அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் மாதா கோயிலில் மாதம் ஒரு செய்தி மடல் வரும். தமிழ் டைப்ரைட்டர் கிடையாது. ஸ்டென்சில் தாளில் ஊசிப் பேனாவால் கையாலேயே எழுதி, மை உருளையில் ஓட்டிப் பிரதி எடுப்போம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எழுதுகிற வேலை என்னிடம்தான் இருந்தது. ஜெயித்த பேச்சைப் போடாமல் விடுவேனா? தோட்டத்தின் பெயரோடு, பெரியப்பா, கோயில், செடி எல்லாவற்றையும் வரி பிசகாமல் எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டுக்கொண்டேன். ஃபாதர் அப்போது பினாங்கு போயிருந்தார், பார்க்கவில்லை. மடல் பீடோங்கில் மட்டுமா போயிற்று? கரங்கான் வரைக்கும் உறவுக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

யார் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன், எழுதியது நான்தானே.

ஒரு புதன்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் மாத்தா ஜீப் வந்து நின்றது. போலீசை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். ஒரு மலாய் இன்ஸ்பெக்டர், கூடவே ஒரு தமிழ் கார்ப்ரல், வேறு இரண்டு பேர். இன்ஸ்பெக்டர் கையில் மடல். கார்ப்ரல் மடலை என் முன்னால் பிடித்து, இது உன் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுதியது உண்மையா என்று கேட்டார்.

அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

“பேச்சுல ஜெயிக்கணும்னு சும்மா சொன்னதுங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது,” என்றேன்.

கார்ப்ரல் உள்ளே எட்டிப் பார்த்து, மாதா படத்துக்குக் கீழே இருந்த பைபிளைக் காட்டி, அதன்மேல் கை வைத்துச் சொல்ல முடியுமா என்றார். கை வைத்தேன். சொன்னேன். கை நடுங்கக்கூட இல்லை, அதுதான் எனக்கே அதிர்ச்சி. இன்ஸ்பெக்டர் மடலை மடித்துப் பைக்குள் வைத்தார். சின்னப் பெண், வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறாள் என்று மலாயில் சொன்னார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், வந்ததே வந்தோம், அந்தக் கோயிலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

அவர்கள் பெரியப்பாவைத் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வீட்டில் பார்த்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும். வீட்டில் என்றால் அவரும் எல்லோரையும் போல, தெரியாதுங்க என்று சொல்லியிருப்பார். ஆனால் வேலை முடிந்து அந்த நேரத்தில் அவர் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றுண்டு. கோழி காணாமல் போனாலும், ஒரு பெண்ணைப் பற்றித் தப்பாகப் பேச்சு வந்தாலும், சம்பந்தப்பட்டவர்களை முனியாண்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே நின்றுகொண்டு யாரும் பொய் சொல்லமாட்டார்கள். சொன்னால் குடும்பத்தில் ஒரு உயிர் போகும் என்று பயம். அந்த வழக்குகளுக்கெல்லாம் சூடம் ஏற்றி, சத்தியம் வாங்குகிறவரே என் பெரியப்பாதான்.

அப்பாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அந்தத் தமிழ் கார்ப்ரல் நல்ல மனிதர், இதை நான் எங்கேயும் சொல்வேன். அவருக்கும் விட்டுவிட்டுப் போகத்தான் ஆசை. பதிலையும் அவரே எடுத்துக்கொடுத்துக் கேட்டார்.

“அய்யா, இங்க கஞ்சா அது இதுன்னு ஒண்ணும் இல்லல்ல? உங்க தம்பி மகளே சும்மா எழுதினேன்னு சொல்லிடுச்சிலா. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்க போயிடுறோம்.”

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, கையில் அரிவாளோடு நிற்கும் முனியாண்டியைப் பார்த்தார். இல்லை என்று சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா வாய்விட்டே, அண்ணே, என்றார்.

“இருக்குங்க,” என்றார் பெரியப்பா. “பின்னால ரெண்டு செடி. காஞ்சது ஒரு டப்பாவுல இருக்கு. சாமிக்கு வச்சது.”

கார்ப்ரல் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் சொன்னார். பைபிளில் கை வைத்து நான் பொய் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த மனிதர் ஒரு கல்லுக்கு முன்னால் பொய் சொல்ல முடியாமல் விலங்குக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். செடிகளை வேரோடு பிடுங்கி ஜீப்பில் போட்டார்கள். பெரியப்பா சாமி கும்பிட்டுவிட்டு ஏறினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. ஒரு அறை விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வளர்த்தார் என்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை, அவர் உயிரோடு வெளியே வருவதே கஷ்டம் என்று சுங்கைப்பட்டாணியில் வக்கீல் முதல்நாளே சொல்லிவிட்டார். பெரியம்மா வக்கீல் ஆபீஸ் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஃபாதர்தான் வக்கீலைப் பிடித்துக் கொடுத்தவர். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, அந்தத் தலைப்பைக் கொடுத்ததே நான்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் நடையாய் நடந்து, கடைசியில் வளர்த்தது என்பதை விட்டுவிட்டு வைத்திருந்தது என்ற வழக்காக மாற்ற வைத்தார். அந்த வழக்குக்கும் போலீஸ்காரர்கள் மடலைத்தான் நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்டினார்கள். புகைக்கிறவர் என்று நான் எழுதிய வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. மூன்று வருடம் என்று தீர்ப்பு வந்தது. தப்பித்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு மூன்று வருடம், அதற்குப் பெயர் தப்பித்தலாம்.

அலோர்ஸ்டார் ஜெயிலுக்கு மாதம் ஒருமுறை பெரியம்மா போவார். என்னைக் கூட வா என்று கூப்பிட அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. பஸ்ஸில் போகும்போது வழி முழுக்க மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். மேடைக்குத் தயார் செய்கிற மாதிரி. அந்தப் புத்தி அப்போதும் போகவில்லை பாருங்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வந்து உட்கார்ந்தார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. அடுக்கி வைத்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ, ஒன்றும் வாயில் வரவில்லை. அவரே பேச்சை ஆரம்பித்தார். அப்பா சுகமா, கோயிலை யார் கூட்டுகிறார்கள் என்று விசாரித்தார். பிறகு, அந்தப் பட்டிமன்றத்தில் நீ எந்தக் கட்சி பேசினாய் என்று கேட்டார். வழக்கு நடந்த அத்தனை மாதமும் யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அனுமதிக்கலாம் என்ற கட்சி என்றேன்.

பெரியப்பா வலைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

“நான் அந்தக் கட்சி இல்ல பாப்பா,” என்றார். “கடையில வச்சு வித்தா பயலுவ உருப்படுவானுவளா? நான் அத வாயில வச்சதே கிடையாது. சாம்பிராணித் தணல்ல பத்த வச்சு சாமி காலடியில வைப்பேன், ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரியும். சாமிக்கு வாங்கப் போனாலும் விக்கிறவன்தானே பிழைப்பான், அவனுக்கு நம்ம ஏன் கொடுக்கணும்னுதான் நானே ரெண்டு செடி வச்சேன்.”

மணி அடித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அவரும் எழுந்தார். காவலர் தோளைத் தொட்ட பிறகு, திரும்பி வலைக்கு அருகில் குனிந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எதிர்க்கட்சிக்குத்தான் பேசச் சொல்லியிருப்பேன்.”