கோழிக்குக் கூடு, மாப்பிள்ளைக்கு நாற்காலி

என் வீட்டுக்காரர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் செய்து வைத்ததை எடுத்துப் பார்த்து, இது சொத்தை, அது கோணல் என்று ஒதுக்கி வைப்பதுதான் வேலை. அதற்கு மாதாமாதம் சம்பளமும் கொடுத்தார்கள், அது அவர்கள் பாடு.

ஓய்வு பெற்ற மறுநாளே அதே வேலையை என் சமையலறையில் தொடங்கிவிட்டார். தோசை ஒரு பக்கம் தடிப்பு. குழாய் அடைத்தாலும் சொட்டுகிறது, வாஷர் சரியில்லை. காயப்போட்ட புடவையின் இரண்டு முனையும் ஒரே உயரத்தில் இல்லை. நான் நர்ஸ். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் டாக்டர்களிடமும் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவள். வீட்டிலும் இது என்றால் யார் தாங்குவது? "இது உங்க ஃபேக்டரி இல்லைங்க, என் வீடு!" என்று தினம் ஒரு மூச்சுக் கத்தித் தீர்ப்பேன். அவரும் விடமாட்டார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்காவுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் எங்கள் சண்டை முழுக்கப் புரியும்.

பிறகு ஒரு மாதிரி அடங்கிப்போனார். அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். புடவை கோணலாகத் தொங்கினாலும் பேச்சில்லை. குழாய் சொட்டினாலும் பேச்சில்லை. ஷேவ் பண்ணுவது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகி, அப்புறம் அதுவும் இல்லை. ஒரு நாள் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். மனுஷன் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லாத்தானே இருக்கு" என்றார். வார்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஊசி வலிக்கிறது, கஞ்சி ஆறிப்போச்சு என்று கத்துகிற ஆளைப் பற்றி நாங்கள் கவலைப்படுவதில்லை. எது கொடுத்தாலும் சரி என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிற ஆள்தான் எங்களைத் தூங்கவிடமாட்டார்.

இவருக்குக் கையில் ஏதாவது ஒரு வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். தோட்டம் என்றேன். "பேடா" என்றார். வேண்டாம் என்பதைக்கூடக் கன்னடத்தில் சொல்கிற அளவுக்குச் சோம்பல். சர்ச் கமிட்டி என்றேன். அதுவும் பேடா. கோழி வளர்க்கலாமா என்றபோது மட்டும் பதில் சொல்ல ஒரு நொடி எடுத்துக்கொண்டார். அது போதும் எனக்கு. கோழி என்றால் கூடு கட்டவேண்டும், தீனி போடவேண்டும், காலையில் திறக்கவேண்டும், பொழுது சாய அடைக்கவேண்டும். உயிருள்ள ஒன்றுக்கு முன்னால் மனுஷன் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்?

குடும்பத்துக்குப் போன் போட்டேன். என் அண்ணன் கட்டட மேஸ்திரி. மகளைக் கட்டிய மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். சாமராஜநகரில் அரசு ஆபீசில் வேலை செய்யும் என் நாத்தனார், இவருடைய தங்கை. மூன்று பேரிடமும் தனித்தனியாகப் படித்துப் படித்துச் சொன்னேன்: "கூடு முக்கியமில்ல. அவரை வேலை செய்ய வைக்கணும், அதான் முக்கியம்." மூன்று பேரும் கவலைப்படாதே என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்து இறங்கினார்கள். அண்ணன் தன் வேலை நடக்கிற இடத்தில் மீந்துபோன கம்பி வலையைச் சுருட்டி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை லேப்டாப்பில் கூட்டின் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். மவுஸால் எந்தப் பக்கம் தள்ளினாலும் திரையில் கூடும் அந்தப் பக்கம் திரும்பியது. நாத்தனார் குண்டலுபேட்டை சந்தையில் வாங்கிய அரை டஜன் நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் சுமந்தபடியே வந்திருந்தாள். இவர் பின்கட்டுக்கு வந்து வலையைத் தொட்டுப் பார்த்தார். தொட்டுப் பார்த்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

உடனே அண்ணன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டார். "மாப்ளே, நீங்க இப்படி உக்காருங்க. நாங்க பாத்துக்கறோம்."

தங்கையைக் கட்டியவர் எத்தனை வயதானாலும் எங்கள் வீட்டில் மாப்பிள்ளைதான். அவரை மண் சுமக்க விட்டால் அண்ணனுக்குத் தலைகுனிவு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனைத் தனியாக இழுத்துப் போய், "நான் போன்ல என்னண்ணா சொன்னேன்?" என்று பல்லைக் கடித்தேன். "அதுக்காக? மாப்ளையப் போய்க் குழி தோண்டுங்கன்னு சொல்லச் சொல்றியா பாப்பா? நம்ம வளர்ப்பு அப்படியா?" என்று என்னையே திட்டினார். அறுபதை நெருங்குகிற நான் அவருக்கு இன்னும் பாப்பா.

அண்ணன் நான்கு மூலையிலும் குழி தோண்டினார். ஆள் இறங்கி நிற்கிற ஆழம்.

"ஏண்ணா, கோழிக்குத்தானே? மேல மாடி கட்டப்போறோமா?"

"நாளைக்கே கட்டணும்னா? அஸ்திவாரம் முக்கியம் பாப்பா."

மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. அவர் பார்த்த வீடியோவில் காட்டியபடி கூடு தரையிலிருந்து தூக்கி இருக்கவேண்டுமாம். எங்கள் பழைய கட்டிலிலிருந்து கழற்றிய பலகைகளை வைத்து அவர் ஒரு பெட்டி செய்யத் தொடங்கினார். அண்ணனுக்கு அவரும் மாப்பிள்ளை. கையில் சுத்தியலைப் பார்த்ததும், "ஐயோ, நீங்க எதுக்கு மாப்ளே!" என்று பதறினார். அந்தப் பதற்றத்தில் மாப்பிள்ளை திரும்பிப் பார்க்க, சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது. சொட்டு ரத்தம்தான். அதற்கு நாத்தனார் ஸ்தோத்திரம் சொல்லி அலறியதில் தென்னை மரத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின. நான் கட்டுப் போட்டுவிட்டேன். அண்ணன் இரண்டாவது நாற்காலியைக் கொண்டுவந்தார். மாமனாரும் மருமகனும் கல்யாண மேடையில் உட்கார்ந்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அண்ணன் வலையை இழுத்து ஆணி அடிக்க ஆரம்பித்தபோது இவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். "என்ன மாப்ளே, காபியா? பாப்பா, மாப்ளைக்குக் காபி!" காபி வந்தது. குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மேலே தகரம் போடும்போது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அண்ணா, நீ உக்காரு", "மாமா, நீங்க உக்காருங்க மாமா", "மாப்ளே, உக்காருங்க!" மூன்று பக்கமிருந்தும் சத்தம். உட்கார்ந்தார். மறுபடியும் காபி. சாயங்காலத்துக்குள் அந்த மனுஷனுக்குள் போன காபியில் ஒரு கல்யாண வீட்டையே உபசரித்திருக்கலாம். முகத்தில் மட்டும் அதே சுவரைப் பார்க்கிற பார்வை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கூடு வளர வளர அவர் நாற்காலிக்குள் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள் கூடு தயார். அண்ணன் தோண்டிய குழிகளில் கால் ஊன்றிய பலகைப் பெட்டி, மேலே தகரம், முன்னால் குஞ்சுகள் மேய வலை போட்ட இடம், அதற்கு ஒரு கதவு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினாலும் ஜெபம் பண்ணாமல் சுவிட்சைப் போடமாட்டோம். கோழிக்கூட்டுக்கு மட்டும் விதிவிலக்கா? குஞ்சுகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, எல்லோரும் சுற்றி நின்றோம். நாத்தனார் முக்காடு போட்டுக்கொண்டாள். அவள் ஜெபிக்கத் தொடங்கினால் அடுப்பில் எதையும் வைக்கக்கூடாது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"சகல ஜீவராசிகளையும் போஷிக்கிற எங்கள் ஆண்டவரே!" என்று ஆரம்பித்தாள். சாமராஜநகரில் தொடங்கி, பஸ்ஸைப் பத்திரமாக ஓட்டி வந்த டிரைவர், ஆட்டோ, அண்ணனின் முழங்கால் வலி, மாப்பிள்ளையின் கட்டைவிரல் எல்லாவற்றையும் தொட்டு ஒருவழியாகக் குஞ்சுகளிடம் வந்தாள். "இந்தக் குஞ்சுகளில் ஒன்றாகிலும் வழிதப்பிப் போகாதபடிக்கு, ஒன்றாகிலும் கைவிட்டுப் போகாதபடிக்கு..."

என் காலில் ஏதோ உரசியது. ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தேன். ஒரு குஞ்சு என் செருப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வலையின் கண் வழியாக இன்னொன்று தலையை விட்டு, தோளைச் சுருக்கி, குலுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் அடுத்தது வரிசையில் நின்றது. ஜெபத்துக்கு நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து அடித்து வளர்த்த பழக்கம், நாக்கு எழவில்லை. தலையைத் திருப்பி இவரைப் பார்த்தேன். இவர் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு குஞ்சுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை கட்டியபடியே இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்த மனுஷன் சிரிக்கிறார்!

"ஆமென்" என்றாள் நாத்தனார். கண்ணைத் திறந்தாள். கூடு காலி.

அப்புறம் நடந்த ஓட்டத்தைச் சொல்லி மாளாது. குஞ்சுகள் மதிலடியில் இருந்த ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தன. "அக்கா, ஹிட்கொள்ளி, ஹிட்கொள்ளி!" பிடியுங்கள் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே நாங்கள் அந்த வீட்டு ரோஜாச் செடிகளுக்குள் ஓடினோம். அக்கா தன் முறத்தைக் கவிழ்த்து ஒன்றைப் பிடித்தார். எல்லாவற்றையும் பிடித்து மறுபடி அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, இவர் கூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தகரத்தை ஒரு தட்டுத் தட்டினார். கொக்கியை ஒரு விரலால் தூக்கினார்.

"வலைக் கண்ணு பெருசு. காலைல ஆட்டோல இருந்து எறக்கும்போதே பாத்தேன். தகரத்துக்கு வாட்டம் கதவுப் பக்கம் வெச்சிருக்கீங்க, மழை வந்தா மொத்தத் தண்ணியும் உள்ளதான். இந்தக் கொக்கிய பூனை முட்டினாலே தொறந்துடும். முட்டை எடுக்கக் கை விடறதுக்கு வழியே இல்ல. ரிஜெக்ட்."

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "காலைலயே பாத்தீங்களா? பாத்துட்டு ஏன் மாப்ளே வாயத் தொறக்கல?"

"தொறந்தேனே மச்சான். காபி ஊத்துனீங்க."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். இவர் சிரிக்கவில்லை. "என்னை யாரு கேட்டா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு வருஷமா எல்லாரும் உக்காரு உக்காருன்னுதானே சொல்றீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஊரையெல்லாம் போன் போட்டுக் கூப்பிட்ட நான், எப்படிக் கட்டலாம் என்று இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய் அவருடைய நாற்காலியை எடுத்து அண்ணனுக்குப் பின்னால் போட்டேன். "அண்ணா, நீ உக்காரு. உனக்குக் காபி கொண்டுவரேன்" என்றேன். அண்ணன் நாற்காலியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அவருடைய வளர்ப்புக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இவர் சுத்தியலின் பின்பக்கத்தால் முதல் ஆணியைப் பிடுங்கினார். மறுநாள் சந்தைக்குப் போய்ச் சின்னக் கண் வலை வாங்கி வந்தார். நாள் முழுக்கப் பின்கட்டிலேயே கிடந்தார். கூடு முடிகிறவரை குஞ்சுகள் என் குளியலறையில் குடியிருந்தன.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பின்கட்டிலிருந்து, "ஏய், இங்க வா, இதைப் புடி" என்று சத்தம். போய் வலையின் மறுமுனையைப் பிடித்தேன்.

"இழுத்துப் புடி. அங்க இல்ல, மேல. கோணுது பாரு."

"கோணலைங்க."

"நான் கண்ணால பாக்கறேன், கோணலைங்கற!"

"இந்தக் கையாலதாங்க பச்சக் குழந்தைக்கெல்லாம் நரம்பு தப்பாம ஊசி போடறேன்."

"அந்தக் குழந்தைங்க பாவம். நேராப் புடி!"

"அப்ப நீங்களே ஒரு கையால புடிச்சு ஒரு கையால அடிச்சுக்குங்க!" என்று வலையை விட்டேன்.

"போ, போ! இந்த வீட்ல ஒருத்தருக்கு ஒரு வேலை உருப்படியா வருதா?" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏனாய்த்ரீ? ஜகளவா?" என்ன ஆச்சு, சண்டையா என்று கவலையோடு கேட்டார்.

"ஹௌது அக்கா, ஜகளனே" என்றேன். சண்டைதான் என்று சொல்லும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய் வலையைப் பிடித்தேன். இந்த முறை வேண்டுமென்றே கோணலாகப் பிடித்தேன்.