குறைந்த அளவு காட்டிய லேப்

1. அப்பாவுக்குக் கால்கள் வீங்கின. ஆவடி டாக்டர் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கச் சொன்னார்.
2. அளவு அதிகம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது, சிறப்பு மருத்துவரிடம் போங்கள் என்றார்.
3. அப்பா போகவில்லை. போனில் வேறொரு லேபைப் பதிவு செய்தார். கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். அதிலும் அதிகம்.
4. மூன்றாவது லேபில் சற்றுக் குறைவாக வந்தது. அதை நம்பினார்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் தரம் பார்ப்பவராக இருந்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைந்த ஷாஃப்ட் ஒரு மைக்ரோமீட்டரில் அளவு மீறினால் வேறொரு அளவுக்கருவியை எடுத்துவரச் சொல்வார்கள். எதில் அளவுக்குள் வருகிறதோ அதை எழுதி, சரக்கை லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

"மூணுமே அதிகம்தான்ப்பா. இது கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்" என்றேன்.

"கம்மியாத்தான கீது, அத்த சொல்லு."

"பொண்ணு படிச்சுட்டு சொல்றா, காதுல வாங்கேன்யா" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. அப்பல்லாம் டாக்டரு சொன்னா மண்டைய ஆட்டிகினு வருவோம். இப்ப நாம கஸ்டமரு. புடிக்கலன்னா வேற கடை." சிரித்தார். "அந்த லேபுக்கு அஞ்சு ஸ்டார் குத்திட்டேன்மா."

நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரே பிழையை மூன்று கருவிகள் காட்டினால் அது கருவியின் பிழையல்ல என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் ஒரு ஆன்லைன் டாக்டருக்கு அனுப்பினார். மற்ற இரண்டும் இருப்பதை அந்த டாக்டர் அறியவில்லை. சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்றார். அதற்குள் முட்டிவலிக்கு அப்பாவே மாத்திரை தேர்ந்தெடுத்து வரவழைத்தார். சிறுநீரகம் கெட்டவர்கள் தொடக்கூடாத மாத்திரை அது. நான் பார்த்தபோது அட்டைகள் காலியாக இருந்தன.

பிடித்த லேபிலும் அளவு ஏறியபோது புதிதாக ஒரு லேபைத் தேடினார். அந்த ரிப்போர்ட் வருவதற்குள் மூச்சு வாங்கியது. பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

"முன்னாடியே வந்திருந்தா டயாலிசிஸ கொஞ்ச வருஷம் தள்ளிப்போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார் அங்கிருந்த டாக்டர்.

இப்போது இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அம்மாவின் சிறுநீரகம் பொருந்தவில்லை. என்னுடையது பொருந்துகிறது. அப்பா வேண்டாம் என்கிறார். அவர் சம்மதமில்லாமல் எதுவும் செய்ய முடியாது.